பதின்மூன்று பெடியளுக்குப் பத்தொன்பது பேர் கொமிற்றி

தம்பிக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் போட்ட சத்தத்திலேயே உன் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் ஒரு குறையும் இல்லையென்று குசினிக்குள் நின்ற அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. ரெலிபோன் கார்ட் முடிந்து லைன் அறுந்த பிறகும் நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேனாம். "அவன் எப்பவோ போயிட்டான், நீங்கள் இன்னும் ஆரோடை கதைக்கிறியள்?" என்று அம்மா கேட்டா. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஓ.எல். சோதினையில் தமிழ் ஒன்றுதான் எனக்குச் சொல்லிக்கொள்ளக்கூடியதாக வந்தது. மற்றப் பாடங்களின் பெறுபேறை இன்றுவரை உன் அம்மாவுக்கே சொன்னதில்லை. ஆனாலும் இந்த விஷயத்தை ரெலிபோனில் சொல்ல எனக்குத் தைரியம் காணாது. தமிழ்க்கடையில் கொடுத்து ஃபாக்ஸில் அனுப்பலாம் என்றால், கடைக்காரர் முழுவதையும் வாசித்து, மனிசிக்கும் வாசித்துக் காட்டிப்போட்டுத்தான் மெசினுக்குள் விடுவார். ஆகவே கூரியரில் வருகிறது. கூரியர்காரன் கேட்ட காசுக்கு நானே வந்து உனக்கு முன்னால் இருந்து வாசித்திருக்கலாம்.

நீ சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. இங்கிலாந்தில் நீ வேலை செய்கிற றக்பி லீக் கழகத்தின் டிறக்டர்மார் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெரிய ஆளைக் காசு கொடுத்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காசுக்காக இளையோர் பகுதியில் கை வைத்துவிட்டார்கள். உன்னிடம் விளையாட்டுப் பழகுகிற இருபத்திரண்டு பெடியளில் எட்டுப் பேரை மாதம் முடிவதற்குள் நிற்பாட்ட வேண்டும். கழகத்துச் செயலாளர் ஒரே கடிதத்தை எட்டுக் கொப்பி அடித்து, பெயர் எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, உன் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நீ பெயரை நிரப்பித் தபாலில் போட்டால் அலுவல் முடிந்தது. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் உன்ரை பழைய கோச் பீற்றர் இப்போது பார்க்கிற சின்னக் கழகத்திலிருந்து வந்தவர்கள். பீற்றர் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தாராம், நீ எடுக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என் காதுக்குள் இன்னும் நிற்கிறது. "எனக்கு அந்த மனிசன் ஒரு வார்த்தை சொன்னவரோ அப்பா? பதினாறு வயசிலை என்னைக் கழிச்சு விடேக்கை முகத்தைப் பாத்துச் சொன்னவரோ? இல்லையே. இப்ப அவரின்ரை பெடியளுக்கும் போஸ்ற்றிலை வரட்டும். ஐ டோன்ற் கெயர். லெற் ஹிம் ஃபீல் இற்." இவ்வளவையும் கேட்டுவிட்டு உன்ரை அப்பன் என்ன சொன்னான்? "சாப்பிட்டியோ?" என்று கேட்டான். ஐம்பத்தைந்து வயது, இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட், வாயில் வந்தது அது ஒன்றுதான்.

பீற்றரை நீ கோச்சாகத்தான் அறிவாய். எனக்கு அவர் முதலில் தொழிற்சாலைப் போர்மன். நான் வாளிகளுக்கு பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற மெசினில் நின்ற காலம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் எனக்கு முன்னால் வந்து குந்தினார். முன்பல் இரண்டு இல்லாத, கதவு மாதிரியான மனிசன். "உனக்கு ஒரு பெடியன் இருக்கிறான், என்ன? ஓடுவானோ?" என்று கேட்டார். "பஸ்ஸைத் தவறவிட்டால் ஓடுவான்" என்றேன். அது காணும் என்றார். தான் இங்கிலாந்தின் வடக்கில் சம்பளத்துக்கு விளையாடிய விளையாட்டை இங்கே ஸ்காபரோவில் தொடங்கப் போகிறாராம், பதின்மூன்று பேர் வேணுமாம், பதினொரு பேர்தான் கிடைத்திருக்கிறதாம். நான் உடனே ஓம் என்றேன். உன் உடம்புக்கு நல்லதென்றோ, வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ட் வாசலில் வீணாக நின்று கெட்டுப்போவாய் என்றோ நினைத்து அல்ல. பின்னேர ஷிப்ற்றிலிருந்து பகல் ஷிப்ற்றுக்கு மாற ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை மாற்றிவிட்டார். நீ றக்பி லீக்குக்குப் போனது என்ரை பகல் ஷிப்ற்றுக்காக. இது முதலாவது பாவமன்னிப்பு. சின்னது, கை பழக எழுதிப் பார்க்கிறேன்.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கொழும்புப் பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற றகர்தானே என்றேன். அதில் பதினைந்து பேர், இதில் பதின்மூன்று பேர், அது வேறு இது வேறு என்று பீற்றர் பாதி மத்தியானம் விளக்கினார். பந்தைப் பின்னுக்குத்தான் எறியலாமாம், ஆனால் முன்னுக்குத்தான் ஓட வேணுமாம். ஆறு தரம் விழுத்தினால் பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுக்க வேணுமாம். "ஏன் இந்தக் கரைச்சல்? முதலே கொடுத்தால் என்ன?" என்று நான் கேட்டதை அவர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: செலவு இல்லை. ஐஸ் ஹொக்கிக்குச் சப்பாத்து, தடி, தொப்பி, ஐஸுக்கு மணித்தியாலக் காசு என்று பெடியனைச் சேர்க்க முதல் வீட்டை விற்க வேணும். இதற்கு ஒரு பந்தும் பள்ளிக்கூடத்துப் புல்லும் போதும். எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெடியள் ஒன்பது பேர், யமேக்காப் பெடியள் மூன்று பேர், மூலை பேக்கரிக்காரக் கிரேக்கரின் மகன்; பதின்மூன்று பேரும் சரி. முதல் வருஷம் செலவென்று பார்த்தால் பீற்றரின் வானுக்கு அடித்த பெற்றோலும், பயிற்சி முடிய அம்மா கொடுத்துவிட்ட முட்டைச் சான்ட்விச்சும்தான். அந்த வருஷம்தான் நீங்கள் நன்றாக விளையாடினீர்கள். அதையும் கவனித்து வை.

இரண்டாம் வருஷம் நாங்கள் உதவி செய்ய வெளிக்கிட்டோம். தமிழர் உதவி செய்ய வெளிக்கிட்டால் முதலில் என்ன செய்வோம்? கொமிற்றி வைப்போம். சபா அங்கிளின் பேஸ்மென்டில் கூட்டம். உன்னோடு விளையாடிய ரமணனின் தகப்பன் சபா. ஊரில் எழுதுவினைஞர், இங்கே பார்க்கிங் கொட்டிலில் வேலை, ஆனால் மைக்கைக் கண்டால் மந்திரி. அவர்தான் செயலாளர். தலைவருக்கு ஆள் தேடியபோது போர்மனோடு கதைக்கக்கூடிய ஒரே ஆள் நான் என்று என்னைப் போட்டார்கள். உப தலைவர் மூன்று பேர், ஏனென்றால் இரண்டு பேரைப் போட்டால் மூன்றாமவர் கோபிப்பார். பொருளாளர், உப பொருளாளர், மலர் ஆசிரியர், போஷகர், ஊருக்கு ஒரு பிரதிநிதி. ரெக்ஸ்டேலில் இருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து போஷகரானார். அவருக்குப் பிள்ளையே இல்லை. தமிழ்நாட்டு இஞ்சினியர் ஒருவர், "ஏன் சார், கிரிக்கெட்டே வெச்சுக்கலாமே?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதற்காகவே வந்தார். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பெடியளுக்குப் பத்தொன்பது பேர் கொமிற்றி. பீற்றர் ஒருநாள் கூட்டத்துக்கு வந்து, படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரையும் எதிர்த்து யார் விளையாடுவது?" என்று என் காதுக்குள் கேட்டார்.

காசு சேர்க்க விழா வைத்தோம். அதைச் சொல்ல இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. மண்டபம், மைக், மேடைக்குப் பூ, மங்கள விளக்கு, பிரதம விருந்தினர், அவருக்குப் பொன்னாடை, அவரை அறிமுகம் செய்தவருக்கும் பொன்னாடை. பளபளக்கும் தாளில் விழா மலர். வீடு விற்பவர்கள், நகைக்கடைக்காரர், சாரதிப் பயிற்சிக்காரர் எல்லோருடைய விளம்பரமும் கலரில். கொமிற்றிக்காரர் பத்தொன்பது பேரின் முகமும் தனித்தனிப் பெட்டிக்குள். உங்களுக்கு ஒரு பக்கம், அதுவும் கறுப்பு வெள்ளையில், பின்வரிசைப் பெடியளின் தலை கத்தரிபட்டு. பேச்சு மூன்று மணித்தியாலம் நடந்தது. நீங்கள் பதின்மூன்று பேரும் ஜேர்சி போட்டபடி மண்டபத்துக்குப் பின்னால் ஒழுங்கையில் நின்றீர்கள். முன்வரிசையில் மாலையோடு இருந்த பீற்றர் அரை மணிக்கொரு தரம் திரும்பி, "பெடியள் எப்ப வருவினம்?" என்று கேட்டார். நான் விரலால் 'இப்ப இப்ப' என்று காட்டினேன். கடைசியில் நீங்கள் மேடைக்கு வந்தபோது மண்டபக்காரன் லைற்றை அணைக்கத் தொடங்கிவிட்டான். சாப்பாடும் முடிந்துபோனது. எல்லாச் செலவும் போக மிஞ்சியதில் நாலு பந்தும் காற்றடிக்கிற பம்ப் ஒன்றும் வாங்கினோம். பம்பின் ஊசி முதல் நாளே முறிந்தது.

இதை ஏன் விரித்து எழுதுகிறேன் என்றால், உன்ரை டிறக்டர்மாரும் எங்கள் பேஸ்மென்ட் கொமிற்றியும் ஒரே இனம்தான். கோட்டும் ரையும் மட்டும் வேறு. ஆளை வாங்கக் காசு எப்போதும் கிடைக்கும், ஆளை வளர்க்க எப்போதும் கிடைக்காது. வாங்கின ஆள் சனிக்கிழமையே மேடையில் நிற்பான், எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். வளர்க்கிற பெடியன் ஐந்து வருஷம் ஒழுங்கையில் நிற்க வேணும். அவனோடு யார் படம் எடுப்பார்? நீ அவர்களிடம் போய்க் காசு காசு என்று கேட்டால், அவர்கள் காசைத் தருவதுபோலத் தந்து அடுத்த கூட்டத்தில் வெட்டுவார்கள். பொருளாகக் கேள். பழைய வான் ஒன்று, புதன்கிழமை இரண்டு மணித்தியாலம் மைதானத்து லைற், காயம்பட்ட முழங்காலைப் பார்க்கிற உங்கள் கழகத்து மனிசியின் அரை நாள், பயிற்சி முடியச் சூப்பும் பாணும். கொடுத்த வானை வெட்ட முடியாது. எங்கள் விழாக் காசில் கடைசிவரை பிழைத்தது அந்த நாலு பந்துதான்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நடுவில் எழும்பி இரண்டு தரம் பனி தள்ளிவிட்டு வந்தேன். இரண்டாம் தரம் தள்ளுவதற்குப் பனியே இருக்கவில்லை. "தரையைச் சுரண்டுறியள்" என்று அம்மா யன்னலால் சொன்னா.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, உனக்குப் பதினாறு. பீற்றர் முன்பு விளையாடிய கழகம், இப்போது நீ வேலை செய்கிற அதே கழகம், ஒரு பெடியனை அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டது. ஒரு சீசன் இளையோரோடு வைத்துப் பழக்குவார்கள், ஒரு வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுப்பார்கள், விமான ரிக்கற் எங்கள் பொறுப்பு. இரண்டாம் விழாவில் அந்த அளவு மிஞ்சியிருந்தது. யாரென்று பீற்றர் தெரிவு செய்ய வேண்டும், தலைவர் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். பீற்றர் மெசின் கணக்கு எழுதுகிற அட்டையொன்றின் பின்பக்கத்தில் பெயரை எழுதி என் கையில் தந்தார். ஒரு பெயர்தான். கீழே இரண்டு கோடு. அதற்குக் கீழே, "இவன் ஒருவன்தான். மற்றவர்கள் இன்னும் தயாரில்லை" என்று எழுதியிருந்தார்.

அது உன்ரை பெயர், தம்பி.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சபாவின் காரில் கூட்டத்துக்குப் போனேன். சபாவுக்கு அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா சிரித்துக்கொண்டு, "என்னண்ணை, நாங்கள் கடை கடையா ஏறி விளம்பரம் சேர்த்தது. கடைசியிலை தலைவரின்ரை மகன்தான் பிளேன் ஏறினவன் எண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்றார். அவ்வளவுதான். வேறு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. அந்தச் சனம் யாரென்று இன்றுவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன், ஒருவரையும் காணவில்லை. கார் நின்றதும் சபா முன்னுக்குப் போனார். நான் பேஸ்மென்ட் படியில் நின்று, விளம்பரம் திருத்துகிற சிவப்புப் பேனையை எடுத்து, உன் பெயரை வெட்டி, மேலே ரமணன் என்று எழுதினேன். உள்ளே போய், பீற்றர் தெரிவு செய்தது என்று சொல்லி அதை வாசித்தேன். சபா வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த இஞ்சினியர்தான் முதலில் எழும்பினார்: "பாருங்க, தலைவர் நெனச்சா சொந்தப் பையன் பேரைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணலையே! இது நேர்மை!" பத்தொன்பது பேரும் கை தட்டினார்கள். அடுத்த விழாவில் அந்த நேர்மைக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா தையல் மெசினை மூடி வைத்திருக்கிற மஞ்சள் துணி எங்கிருந்து வந்ததென்று நீ ஒருநாள் கேட்டாயே, அதுதான்.

உனக்கு நான் சொன்னது, "பீற்றர் உன்ரை பேரை எழுதேல்லையடா" என்று. அதற்கு நீ, "ரெண்டாவதா எண்டாலும் எழுதினவரோ?" என்று கேட்டாய். அதற்கும் இல்லையென்றேன். பீற்றருக்கு நான் சொன்னது, பெடியனுக்குப் படிப்பு இருக்கிறது, வீட்டில் எல்லோரும் யோசித்து வேண்டாம் என்று முடிவெடுத்தோம், ரமணனை அனுப்புவோம் என்று. மனிசன், "உன் பிள்ளை, உன் முடிவு" என்றார். அடுத்த பயிற்சிக்கு நீ போனபோது அவர் உன் தோளில் தட்டி ஒன்றும் சொல்லாமல் விட்டாரே, அது உன் மேல் இருந்த பரிவு. முடிவு உன்னுடையதும்தான் என்று அவர் நினைத்தார். நீயோ, கழித்துவிட்ட ஆளுக்கு ஆறுதல் தட்டு என்று நினைத்தாய். நடுவில் நான் நின்றேன், இரண்டு பக்கத்துக்கும் பொய் சொல்லிவிட்டு, பகல் ஷிப்ற்றோடு. நீ சப்பாத்தைக் கழுவிக் காய வைப்பதுபோல பல்கனியில் கொண்டுபோய் வைத்தாய். பிறகு எடுக்கவே இல்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க அது பனிக்குள் கிடந்தது. காலையில் தேத்தண்ணியோடு நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ரமணனுக்காவது நல்லது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆறு கிழமையில் திரும்பி வந்துவிட்டான். குளிர் என்றார்கள், சாப்பாடு என்றார்கள். போன வருஷம் மார்க்கம் நகரத்தில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். கொம்பியூட்டர் வேலை, பெரிய வீடு, தொந்தியும் கொஞ்சம். "அங்கிள், உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விளையாட்டே பிடிக்கிறேல்லை. இடிபட நோகும். ஆனால் அப்பா அவ்வளவு சந்தோசப் புளுகத்திலை இருந்தவர், நான் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?" என்றான். என்ரை பாயசம் அப்படியே கிடந்தது. ஒரு சிவப்புக் கோட்டால் இரண்டு பெடியளைக் கெடுத்திருக்கிறேன். ஒருவன் போக வேண்டியவன், மற்றவன் போகக்கூடாதவன். உனக்குத் தருகிற ஒரே புத்திமதி இதுதான்: பெயர்ப் பட்டியல் கையில் இருக்கும்போது சனத்தை நினைக்காதே. பெடியனை மட்டும் பார்.

நீயோ என்னைப் போல இல்லை. பள்ளிக்கூடத்துப் பதினைந்து பேர் றகரில் சேர்ந்து, டோனட் கடையில் நின்று காசு சேர்த்து, பத்தொன்பது வயதில் உன்பாட்டில் அந்தக் கழகத்துக்கே போனாய். உனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதானே. நீ அங்கே போகிறேன் என்றபோது, இந்த நாட்டிலேயே ஹலிபக்ஸில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன என்று நான் ஒரு கிழமையாகப் பிரசங்கம் செய்ததன் காரணம் இப்போது விளங்கும். ஹலிபக்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. தொழிற்சாலையை மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோனபோது பீற்றரும் தன் ஊருக்கே, நீ இருக்கிற இடத்துக்கே, திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, உன் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டான் என்றே எடுப்பேன். நாலு வருஷம். நீ அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறாய் என்று சொல்லும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. முழங்கால் போய் நீ விளையாட்டை விட்டபோதுகூட, பதினாறிலேயே போயிருந்தால் இன்னும் எவ்வளவு விளையாடியிருப்பாய் என்று கணக்குப் பார்த்துவிட்டு, உனக்குச் சொன்னது, "முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு" என்று.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவு நல்ல மனிசன் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ அந்த எட்டுக் கடிதத்தையும் தபாலில் போடப் போகிறேன் என்றாய். பீற்றர் நோகட்டும் என்பதற்காக. அவர் உனக்குச் செய்யாத ஒன்றுக்காக. நான் செய்ததை நீ இப்போது ஐந்து பெடியளின் தலையில் இறக்கப் போகிறாய். எனக்கு உன் மேலும் எரிச்சல்தான், ஒளிக்கவில்லை. கழகம் வெட்டச் சொன்னது எட்டுப் பேரை. முகத்தைப் பார்க்காமல் வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லையே? அது உன் சொந்தத் தயாரிப்பு. என்னிடமிருந்து வந்த பழக்கமாயிருக்கும்.

எட்டு வீட்டுக்கும் போ. அந்த வெறுமை விட்ட கடிதத்தைக் கொண்டு போகாதே. பெடியனையும் இருத்தி, தாய் தகப்பனையும் இருத்தி, இந்த வருஷம் இல்லை என்று முதல் வரியிலேயே சொல். சுற்றி வளைக்காதே, நான் பதினொரு பந்தியாகச் சுற்றி வளைத்திருக்கிறேன், எப்படியிருக்கிறதென்று பார். ஏனென்று அவன் கேட்டால் உண்மையைச் சொல். காசில்லை என்பது காரணமென்றால் காசில்லை என்று சொல். உன் ஓட்டம் காணாது என்பது காரணமென்றால் அதைச் சொல். ரெண்டாவதாக எண்டாலும் என் பெயர் இருந்ததோ என்று ஒருவன் கேட்பான். அதற்குச் சரியான மறுமொழியோடு போ. தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வா. அவர்கள் ஏசுவார்கள், இருந்து கேள். பிறகு அந்த எட்டுப் பேரும் பழையபடி தங்கள் சின்னக் கழகத்தில் விளையாட, நீ மாதம் ஒருக்கால் போய்ப் பார்த்து, தேறினவனை அடுத்த வருஷம் திருப்பி எடுக்கிற மாதிரி ஒரு ஒழுங்கு செய். அதற்கு டிறக்டர்மாரின் காசு ஒரு சதம் தேவையில்லை. பீற்றர் தேவை. பெடியளை வளர்க்கிறது அவர்தான். உன் கழகம் வளர்ந்தவனை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதானே?

அட்டையை இதற்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மா அலுமாரி துடைக்கும்போது என் குடிவரவுப் பத்திரங்களுக்கு நடுவில் கண்டெடுத்தா. வாசித்தா, திருப்பிப் பார்த்தா, கொண்டுவந்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றா. அதற்குப் பிறகு தையல் மெசினுக்கு வேறு துணி போட்டிருக்கிறா. சிவப்பு மை கொஞ்சம் மங்கிவிட்டது. அடியில் இருக்கிற பீற்றரின் நீல எழுத்து வடிவாகத் தெரிகிறது.

மற்ற வீடுகளுக்குப் போக முன்னம் அவர் வீட்டுக்குப் போ. அட்டையை அவர் கையில் கொடு. நீ ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டாம். தன் எழுத்து அவருக்குத் தெரியும், என் எழுத்தும் தெரியும், ஓவர்டைம் தாளில் எத்தனை தரம் பார்த்திருப்பார். எனக்காக மன்னிப்புக் கேட்காதே. அவருக்கும் நான் தனியாக எழுதியிருக்கிறேன், என் இங்கிலிசில், இரண்டு பக்கம். இங்கிலிசில் பொய் சொல்ல எனக்கு வராது, ஆகவே அது இதைவிடக் கெதியில் முடிந்துவிட்டது.

பிறகு எனக்கு ரெலிபோன் எடு. எடுக்காவிட்டாலும் சரி, அது உன் விருப்பம். நான் கேட்க உரிமை இல்லாத ஆள். ஆனால் எடுத்தால், பெரிய கார்டாக வாங்கி எடு, நடுவில் அறாமல் ஏசி முடிக்க வேணும். நான் ரிசீவரை வைக்க மாட்டேன், அம்மாவிடம் கொடுக்கவும் மாட்டேன். சாப்பிட்டாயோ என்று கேட்கவும் மாட்டேன்.

அப்பா